சின்ன மீனுக்கு எந்த ஃப்ளை ராட்: மூன்றாம் நம்பரில் இரண்டு, கூடவே ஒரு டென்காரா

ஃப்ளை ராட், அதாவது முள்ளில் இறகும் முடியும் கட்டிச் செய்த பொய்ப்பூச்சியை (அதுதான் ஃப்ளை) வீசி மீன் பிடிக்கிற தூண்டில் கழி, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "இருக்கிறதிலேயே எது லைட்டு?" என்றுதான். கடையில் எடுத்துத் தூக்கிப் பார்ப்பார்கள், காற்றில் இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்ப்பார்கள், கனமே தெரியவில்லை என்றால் அப்படியே பில் போட்டுவிடுவார்கள். ஒரு சாண் மீன் பிடிக்க வாங்குகிற ராடுக்கு இந்தப் பரிசோதனையால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஏழரை அடி ராட் எதை எடுத்தாலும் 80 கிராமுக்கு முன்னே பின்னேதான் இருக்கும், அதில் மாட்டுகிற ரீல் பெரும்பாலும் அதைவிடக் கனம். கேட்க வேண்டியது வேறு. ராட் நுனிக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு அடி லைன் மட்டும் கிடக்கும்போது இந்த ராட் வளையுமா? வளையும் என்றால் மேற்கொண்டு பேசலாம். வளையாது என்றால், அது எத்தனை கிராம் குறைவாக இருந்தாலும், எத்தனை நூறு டாலர் கூடுதலாக இருந்தாலும், ஓடையில் அது வெறும் குச்சி.

நான் போவது வர்ஜீனியாவில், ஷெனாண்டோ தேசியப் பூங்காவிலிருந்து கிழக்கே இறங்குகிற ஓடைகளுக்கு. ராப்பிடான், ரோஸ் ரிவர், ஹியூஸ் ரிவர். பேரில்தான் ரிவர், மேலே போகப் போகப் பல இடங்களில் கல்லுக்குக் கல் கால் வைத்துத் தாண்டிவிடலாம். (ரோஸ் ரிவருக்குப் போகிற வழியில் இருக்கிற ஊரின் பெயர் சிரியா. முதல் தடவை ஜிபிஎஸ்ஸில் சிரியா என்று அடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள்.) இந்த ஓடைகளில் இருப்பது ப்ரூக் ட்ரவுட். வர்ஜீனியாவின் மாநில நன்னீர் மீன் இதுதான், பேரில் ட்ரவுட் என்று இருந்தாலும் உண்மையில் சார் (char) என்கிற வேறு வகை. ஆறேழு அங்குலம் சாதாரணம், ஒன்பது வந்தால் நல்ல மீன், பத்து வந்தால் கார் வரைக்கும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு நடக்கலாம். கையை நனைத்துக்கொண்டு ஒன்றைத் தூக்கிப் பாருங்கள்: முதுகில் வளைந்து நெளிந்து ஓடும் வரிகள், விலாவில் நீல வளையத்துக்கு நடுவே சிவப்புப் புள்ளி, ஆரஞ்சுத் துடுப்பின் முன்விளிம்பில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. ஐந்து அங்குல மீனிலும் இத்தனையும் இருக்கும்.

சின்ன ஓடை மீன் என்று சும்மா நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் 1929இல் தன் வார இறுதிக் குடிலைக் கட்டிக்கொண்டது இந்த மீனை நம்பித்தான். மில் ப்ராங், லாரல் ப்ராங் என்ற இரண்டு ஓடைகள் சேர்ந்து ராப்பிடான் ஆகிற இடத்தில் அந்த முகாம் இன்றும் நிற்கிறது. வாஷிங்டனில் இருப்பது வெள்ளை மாளிகை என்பதால் அங்கே ஹூவர் தங்கிய குடிலுக்கு பிரவுன் ஹவுஸ் என்று பேர். ஸ்கைலைன் டிரைவில் மைலாம் கேப்பில் காரை நிறுத்திவிட்டு இரண்டு மைல் இறங்கினால் போய்விடலாம், ராட் இல்லாதவர்கள்கூடப் போய்ப் பார்க்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த ஓடைகளில் நீங்கள் நாற்பது அடி வீசப் போவதே இல்லை. தலைக்கு மேலே மரம், இரண்டு பக்கமும் மவுண்டன் லாரல் புதர், பூச்சி தாக்கிச் செத்துப்போன ஹெம்லாக் மரங்கள் அங்கங்கே தண்ணீருக்குக் குறுக்கே விழுந்து கிடக்கும். பின்னால் வீச இடம் இருக்காது, பக்கவாட்டில்தான் கொஞ்சம் சந்து கிடைக்கும். மீனோ தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து நிற்கும். அதனால் நீங்கள் கீழிருந்து மேலாக, முழங்கால் போட்டு ஊர்ந்து, ஒரு பாறைக்குப் பின்னால் ஒளிந்து, 15 அடி தூரத்தில் ஒரு வாளி அகலமே உள்ள அமைதியான தண்ணீரில் ஃப்ளையை இறக்க வேண்டும். அந்த 15 அடியிலும் லீடரே (லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டுகிற மெல்லிய நரம்பு) ஏழெட்டு அடி. அதாவது, உண்மையான லைன் என்று ராட் நுனிக்கு வெளியே இருப்பது ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட.

இங்கேதான் அந்த நம்பர் கணக்கு வருகிறது. ராடில் 3, 4, 5 என்று போட்டிருப்பது ராடின் எடை அல்ல, அதற்குப் பொருத்தமான லைனின் எடை. லைனின் முதல் 30 அடியை வெட்டித் தராசில் போட்டால் எத்தனை கிரெய்ன் என்பதை வைத்து நம்பர். ஒன்றாம் நம்பர் 60 கிரெய்ன், மூன்று 100, நான்கு 120, ஐந்து 140. கிராமில் சொன்னால் மூன்றாம் நம்பர் சுமார் ஆறரை கிராம், ஐந்தாம் நம்பர் சுமார் ஒன்பது. ஃப்ளைக்கு எடை கிடையாது, வீசுவது லைனைத்தான், அந்த லைனின் எடைதான் ராடை வளைக்கிறது, வளைந்த ராட் நிமிரும்போதுதான் லைன் பறக்கிறது. மொத்தக் கணக்கும் 30 அடிக்குப் போட்டது. நாம் வெளியே விடுவதோ பத்து அடிக்கும் கீழே, அதுவும் லைனின் நுனிப்பக்கம் மெலிந்துகொண்டே போகும் பகுதி. ஆக மூன்றாம் நம்பர் ராடின் நுனியில் உண்மையில் தொங்குவது இரண்டு கிராமுக்கும் குறைவு.

எல்லாக் கடையிலும் முதல் ராட் என்று எடுத்துக் கொடுப்பது 9 அடி, ஐந்தாம் நம்பர், ஃபாஸ்ட் ஆக்ஷன். பெரிய ஆற்றுக்கு, படகுக்கு, காற்றுக்கு அது சரியான ராட், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் வளைவு எல்லாம் நுனிப் பக்கம், அதுவும் ஒன்பது கிராமும் வெளியே போன பிறகுதான் வேலை செய்ய ஆரம்பிக்கும். பத்து அடி லைனோடு அதை வீசினால் கையில் ஒன்றுமே தெரியாது, எதுவும் தெரியாததால் கை தானாக வேகம் போடும், வேகம் போட்டால் லீடர் தண்ணீரில் பொத்தென்று அடிக்கும், மடுவில் இருந்த மீன் எல்லாம் கல்லுக்கு அடியில் போய்விடும். இல்லையென்றால் ஃப்ளை மரத்தில் இருக்கும்.

அப்படியானால் இன்னும் கீழே போவோம், ஒன்றாம் நம்பர், பூஜ்யம் நம்பர் வாங்கலாமே என்று தோன்றும். சேஜ் கம்பெனி பூஜ்யத்தையும் தாண்டி மூன்று பூஜ்யம் போட்ட ராட் வரைக்கும் விற்றிருக்கிறது. அழகான சாமான்தான். ஆனால் அந்த லைன் அவ்வளவு இலேசாக இருப்பதால் 14ஆம் சைஸ் உலர்ஃப்ளையைக்கூட, அதாவது தண்ணீரில் மிதக்க வேண்டிய கொஞ்சம் முடி அடர்ந்த ஃப்ளையைக்கூட, இழுத்துக்கொண்டு போகத் திணறும். லேசாகக் காற்று வந்தால் கதை முடிந்தது. சின்ன மீனுக்கு எல்லாவற்றையும் சின்னதாக வாங்க வேண்டும் என்பது கடைக்காரருக்குத்தான் லாபம். என் கணக்கில் மூன்றாம் நம்பர்தான் அளவானது. இரண்டாவது ராடாக வேண்டுமானால் இரண்டாம் நம்பர் வைத்துக்கொள்ளலாம்.

நான் அதிகம் பயன்படுத்துவது ரெடிங்டன் க்ளாசிக் ட்ரவுட், ஏழரை அடி, மூன்றாம் நம்பர், நான்கு துண்டு. கிராஃபைட். இதைத்தான் முதல் ராடாகச் சிபாரிசு செய்கிறேன், காரணம் அதன் மெதுவான வளைவு. மத்தியில் இருந்தே வளையும். பத்து அடி லைனை வெளியே விட்டு, முழங்கையை அசைக்காமல் மணிக்கட்டை மட்டும் கொஞ்சம் திருப்பினாலே ராட் பின்னால் இழுபடுவது உள்ளங்கையில் தெரியும். அது தெரிந்த பிறகு முன்னால் தள்ள வேண்டியதில்லை, நிறுத்தினால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். 25 அடி, 30 அடி வரைக்கும் இதே சுகம். அதற்கு மேல் போனால், குறிப்பாக எதிர்க்காற்றில், தொய்ந்துவிடும். பெரிய குளத்துக்கும் இதே ராட் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இது அதற்காகச் செய்தது இல்லை.

அடர்ந்த புதருக்குள் வில் வீச்சு என்று ஒன்று உண்டு. ஃப்ளையை முள்ளின் வளைவில் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக்கொண்டு (முனை வெளியே பார்த்து இருக்கட்டும், இல்லாவிட்டால் மீனுக்குப் பதில் விரல் மாட்டும்), லைனை ராடோடு சேர்த்து இன்னொரு கையில் அழுத்திப் பிடித்து, ராட் நுனி வளைகிற வரை பின்னால் இழுத்து, குறி பார்த்து விட்டுவிடுவது. இதில் க்ளாசிக் ட்ரவுட் அருமையாக வேலை செய்யும். நுனி மெல்லியது, நன்றாக வளையும், ஆனால் விட்டவுடன் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருக்காமல் சீக்கிரம் அடங்கும், அதனால் ஃப்ளை நேராகப் போகும். ஒரு கிளைக்கு அடியில், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே இருக்கிற இடைவெளியில் ஃப்ளையைச் செருகுகிற மாதிரி அனுப்பலாம். அந்த இடைவெளிக்குள் வேறு யாரும் ஃப்ளை போட்டிருக்க மாட்டார்கள், அதனால் அங்கே நிற்கிற மீன் யோசிக்காமல் எடுக்கும்.

மீன் மாட்டினால் எப்படி இருக்கிறது? ஏழு அங்குல ப்ரூக் ட்ரவுட் மாட்டினாலே ராடின் மேல் பாதி முழுக்க வளைந்துவிடும், மீன் தலையை ஆட்டுகிற ஒவ்வொரு ஆட்டமும் கைப்பிடி வரை வரும். ஒன்பது அடி ஐந்தாம் நம்பரில் அதே மீன் வந்தால், ஏதோ இலை மாட்டியிருக்கிறது என்று இழுத்துப் போட்டுவிடுவோம். காசு கொடுத்து ராட் வாங்குவதே இந்த வித்தியாசத்துக்காகத்தானே.

அடர்பழுப்பு நிறத்தில் பார்க்கவும் அடக்கமாக இருக்கும், ரீல் உட்காரும் இடத்தில் மரம் வைத்திருக்கிறார்கள், துண்டுகளைச் செருகும்போது வளையங்கள் நேர்கோட்டில் வர புள்ளி வைத்திருக்கிறார்கள். இந்த விலையில் கைப்பிடி கார்க் எல்லா கம்பெனியிலும் ஓட்டை அடைத்த கார்க்காகத்தான் இருக்கும், போகப் போக அந்த அடைப்பு அங்கங்கே உதிரும், அதைப் பெரிசுபடுத்த வேண்டாம். நான் வாங்கியபோது 200 டாலருக்குள். ஃப்ளை ராட் உலகில் இது நடுத்தரத்துக்கும் கொஞ்சம் கீழேதான், 900 டாலர் ராடுகள் சாதாரணமாக விற்கிற உலகம் இது.

இரண்டாவது, ரெடிங்டனே செய்கிற பட்டர் ஸ்டிக். இது கிராஃபைட் இல்லை, ஃபைபர் கிளாஸ். மூன்றாம் நம்பர், ஏழு அடி, மூன்று துண்டு. கொஞ்சம் பின்கதை சொன்னால்தான் இது ஏன் இன்னும் விற்கிறது என்று புரியும். ஒரு காலத்தில் நல்ல ஃப்ளை ராட் என்றாலே மூங்கில், அதுவும் தெற்குச் சீனாவிலிருந்து வருகிற டான்கின் மூங்கிலை ஆறு பட்டையாகச் சீவி ஒட்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழை வந்தது. 1970களில் ஃபென்விக் கம்பெனி கிராஃபைட்டைக் கொண்டு வந்தது, அதோடு கண்ணாடி ராட் பழைய சாமான் ஆகிவிட்டது. கிராஃபைட் விறைப்பானது, இலேசானது, தூரமாக வீசும். கண்ணாடி இழை அதே விறைப்புக்கு அதிக எடை கேட்கும், அதனால் மெதுவாக ஆடும். பெரிய ஆற்றில் அது குறை. 15 அடி ஓடையில் அதுவேதான் நமக்கு வேண்டியது. ஆகவே சின்ன ஓடைக்காரர்கள் கண்ணாடியை விடவே இல்லை, கம்பெனிகளும் திரும்பச் செய்ய ஆரம்பித்துவிட்டன.

பட்டர் ஸ்டிக் கைப்பிடியில் இருந்தே வளைகிறது. முதல் நாள் பிடித்தவர்களுக்கு ஈரக் கயிற்றை வைத்து வீசுகிற எரிச்சல் வரும், ஏனென்றால் நம் கை கிராஃபைட் வேகத்திலேயே பழகியிருக்கும். வீச்சை நிறுத்தி, காத்திருந்து, பின்னால் லைன் நீள்கிறது என்று தெரிந்த பிறகு முன்னால் கொண்டுவர வேண்டும். அந்தக் காத்திருப்பு கைக்கு வந்துவிட்டால் லீடரை மட்டும் வெளியே விட்டுக்கூட இதனால் வீச முடியும், க்ளாசிக் ட்ரவுட்டில் அது கொஞ்சம் கஷ்டம். பின்னால் இடமே இல்லாதபோது லைனைத் தண்ணீரிலேயே உருட்டி அனுப்புகிற ரோல் காஸ்ட்டுக்கு இதைவிட நல்ல ராட் நான் பிடித்ததில்லை. ஃப்ளை விழுவதும் அவ்வளவு மெதுவாக விழும்.

குறை என்றால், முள் ஏற்றுவதில் கொஞ்சம் தாமதம். ப்ரூக் ட்ரவுட் ஃப்ளையை வாயில் வாங்கி, இது இறகு என்று தெரிந்து துப்புவதற்கு ஒரு நொடிகூட எடுக்காது. க்ளாசிக் ட்ரவுட்டில் நுனியைச் சுண்டினால் போதும், பட்டர் ஸ்டிக்கில் ராடை மொத்தமாகத் தூக்க வேண்டும், அதற்குள் சில மீன் போய்விடும். அப்புறம் வில் வீச்சில் நுனி கொஞ்சம் நேரம் ஆடிக்கொண்டே இருப்பதால் குறி அத்தனை துல்லியமாக இல்லை. விலையும் கூடுதல். ஆகவே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் க்ளாசிக் ட்ரவுட். ஏற்கெனவே ஒரு ராட் இருக்கிறது, மீன் எண்ணிக்கை பற்றிக் கவலை இல்லை, சுகமாக வீச வேண்டும் என்றால் பட்டர் ஸ்டிக். சனிக்கிழமை காலை எதை எடுப்பது என்று வரும்போது என் கை பட்டர் ஸ்டிக் பக்கம்தான் போகிறது.

மூன்றாவது டென்காரா. ஜப்பானிய மலை ஓடை முறை இது, ரீல் கிடையாது, ராட் நுனியில் நேராக லைனைக் கட்டிவிடுவது. ஊரில் குளத்தங்கரையில் மூங்கில் கழியில் நரம்பு கட்டி, தக்கை போட்டு, மண்புழு குத்திக் கெண்டை பிடித்தவர்களுக்கு இது புதிதே இல்லை, அந்தக் கழியை 12 அடி நீளத்துக்குக் கிராஃபைட்டில் செய்து, அடுக்கு அடுக்காக உள்ளே தள்ளி ஒன்றரை அடிக்கு மடக்குகிற மாதிரி செய்தால் அதுதான் டென்காரா, மண்புழுவுக்குப் பதில் ஃப்ளை. அமெரிக்காவில் இதைப் பரப்பியது 2009இல் டேனியல் கல்ஹார்டோ தொடங்கிய டென்காரா யுஎஸ்ஏ.

பாறைகளுக்கு நடுவே தண்ணீர் குதித்து ஓடுகிற, மேலே வானம் தெரிகிற இடங்களில் இதற்கு முன்னால் நான் மேலே சொன்ன இரண்டு ராடும் நிற்காது, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 12 அடி நீளக் கை இருப்பதால் நடுவில் இருக்கிற வேகமான தண்ணீரைத் தொடாமல் லைன் முழுவதையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கக் கல்லுக்குப் பின்னால் உள்ள அமைதியான மூலையில் ஃப்ளையை மட்டும் நிற்க வைக்கலாம். சாதாரண ராடில் நடுவில் ஓடும் நீர் லைனைப் பிடித்து இழுத்து, ஃப்ளையும் கூடவே வழுக்கிப் போகும், மீன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவும் இதுதான் சுலபம், கால் மணி நேரத்தில் வீச வந்துவிடும்.

ஆனால் மரம் மூடின ஓடையில் 12 அடி ராடை நிமிர்த்தவே இடம் கிடையாது. ஃப்ளை கிளையில் மாட்டினால் ரீலில் இருந்து லைன் விட்டுக்கொடுத்துக்கொண்டு நடந்து போகவும் முடியாது. அப்போது அவசரப்பட்டு ராடைப் பிடித்து இழுத்தால் பென்சில் ரீஃபிள் கனம்தான் இருக்கும் அந்த நுனித் துண்டு போய்விடும். ராடை மடக்கிவிட்டு லைனைக் கையில் பிடித்து இழுங்கள். டிப்பெட்டை, அதாவது ஃப்ளையைக் கட்டுகிற கடைசித் துண்டு நரம்பை, 5எக்ஸைவிடக் கனமாகப் போடாதீர்கள் (எக்ஸ் நம்பர் கூடக் கூட நரம்பு மெலியும்), அறுந்தால் அதுதான் அறுபட வேண்டும், ராட் அல்ல. லாரல் புதர் மண்டிய ராப்பிடான் மேல் பகுதிக்கு டென்காராவை நான் எடுத்துப் போவதில்லை. கீழே அகலமான இடங்களுக்கு எடுத்துப் போகிறேன்.

ஆன்லைனில் ராட், ரீல், லைன், ஃப்ளை டப்பா எல்லாம் சேர்த்து ஐம்பது அறுபது டாலருக்கு வருகிற செட்டுகளைப் பற்றியும் கேட்பார்கள். ஒன்று வாங்கினேன், பேர் வேண்டாம். ராட் மோசம் என்று சொல்ல முடியாது, வளைந்தது, வீசியது. துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற இடம்தான் பிரச்சினை. கொஞ்ச நேரம் வீசினாலே தளர்ந்துவிடும், ஒரு நாள் நுனித் துண்டு லைனோடு சேர்ந்து ஓடைக்குள் பறந்தது. மெழுகுவர்த்தியைத் தேய்த்துச் செருகினால் கொஞ்சம் பிடிக்கும், அது நல்ல ராடுக்கும் செய்கிற வேலைதான், ஆனால் செருகு வாயே தளர்வாக இருந்தால் மெழுகு எத்தனை நாளுக்கு? துண்டு உடைந்தால் மாற்றித் தருவார்களா என்று அந்த விற்பனையாளரிடம் கேட்டேன், பதிலே வரவில்லை. பெரிய கம்பெனிகளில் சேவைக் கட்டணம் வாங்கிக்கொண்டாவது மாற்றித் தருகிறார்கள், ஆர்விஸ் கிளியர்வாட்டருக்கு 25 வருட உத்தரவாதம். ஃப்ளை ராட் உடைவது பெரும்பாலும் மீனால் இல்லை, காரின் கதவால். ஆகவே இந்த உத்தரவாதத்தை விலையில் ஒரு பங்காகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

ரீலுக்கு ரொம்பச் செலவு செய்யாதீர்கள். இந்த மீன் ரீலில் இருந்து லைனை உருவிக்கொண்டு ஓடப் போவதில்லை, லைனைச் சுற்றி வைக்க ஒரு டப்பா, அவ்வளவுதான். மிச்சமாகிற காசை லைனில் போடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மெலிகிற டபுள் டேப்பர் வாங்கினால், ஒரு முனை தேய்ந்ததும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், ஒரு லைனின் விலையில் இரண்டு. மூன்றாம் நம்பர் ராடுக்கு நான்காம் நம்பர் லைன் போடலாமா என்றால், தாராளமாக. நான் க்ளாசிக் ட்ரவுட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறேன், வெளியே இருக்கிற கொஞ்சூண்டு லைனுக்குக் கூடுதல் எடை கிடைக்கும், ராட் இன்னும் சீக்கிரம் வளையும். பட்டர் ஸ்டிக்குக்கு அது தேவை இல்லை. லீடர் ஏழரை அடி, 5எக்ஸ். ஃப்ளையில் பாரசூட் ஆடம்ஸ் இருந்தால் எந்த ஓடையிலும் சமாளிக்கலாம், உள்ளூர்ப் பெருமைக்கு மிஸ்டர் ராப்பிடான் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவிலேயே எடின்பர்க் என்கிற ஊரில் ஃப்ளை கடை வைத்த ஹாரி மர்ரி இந்த ஓடைகளுக்காகவே கட்டியது அது, மஞ்சள் கொண்டை இருப்பதால் நிழலான தண்ணீரிலும் கண்ணுக்குத் தெரியும். முள்ளில் பார்ப் (முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கிற சின்னக் கொக்கி) இருந்தால் குறடால் நசுக்கிவிடுங்கள், சின்ன மீனின் வாய் கிழியாது, உங்கள் காதில் மாட்டினாலும் சுலபமாக வரும்.

பூங்காவுக்குள் மீன் பிடிக்க வர்ஜீனியா லைசென்ஸ் வேண்டும், ஒற்றை முள் செயற்கை இரை மட்டும்தான் போடலாம், புழு கூடாது. ராப்பிடானில் பிடித்ததை விட்டுவிட வேண்டும். ஜூலை ஆகஸ்டில் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ராடை மடக்கிவிடுங்கள், அந்தச் சூட்டில் ஆக்சிஜன் குறைந்து, பிடித்து விட்ட மீனும் பிழைப்பது கஷ்டம். பத்து டாலர் தண்ணீர் தெர்மாமீட்டர் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் வீசிப் பார்க்கக் கேளுங்கள். ஃப்ளை கடைகளில் பெரும்பாலும் பின்னால் புல்தரை இருக்கும், ரீலும் லைனும் அவர்களே போட்டுத் தருவார்கள், முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துணுக்கு கட்டுவார்கள். அங்கே எல்லோரும் செய்கிற காரியம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். கடைக்காரர் 40 அடி வீசிக் காட்டி ராடை உங்கள் கையில் கொடுப்பார், லைனை எல்லாம் திரும்பச் சுற்றிவிட்டு, பத்தே அடி வெளியே விட்டு, முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு தொப்பியைப் பதினைந்து அடி தள்ளி வைத்து அதற்குள் நூலை இறக்கப் பாருங்கள். கை வேகம் போடச் சொல்லி ராட் கேட்டால் வேண்டாம். ஆர்விஸ், சேஜ் என்று மேல் விலைகளிலும் இப்படிச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும், அங்கேயும் மூன்றாம் நம்பர் என்று எழுதி முரட்டு விறைப்பாகச் செய்த ராடுகள் இருக்கின்றன.

கடைசியாக, ஊருக்கு எடுத்துப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழரை அடி நான்கு துண்டு ராடில் ஒரு துண்டு சுமார் இரண்டு அடி, குழாயோடு கைப்பெட்டிக்குள் சாய்த்து வைத்துவிடலாம். பட்டர் ஸ்டிக் மூன்று துண்டு என்பதால் ஒவ்வொன்றும் 28 அங்குலத்துக்கும் கொஞ்சம் கூட, கைப்பெட்டியில் அடங்காது, விமானத்தில் தனியாகத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். நீலகிரியில் அவலாஞ்சியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் வந்துவிட்டது, வெள்ளைக்காரர்கள் விட்ட ரெயின்போ ட்ரவுட் அந்த மலை நீரில் இன்றும் இருக்கிறது, மூன்றாம் நம்பர் ராடுக்கு ஏற்ற அளவு மீன்தான். ஆனால் அந்த நீர்நிலைகளில் பல வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கிற இடம், ராடைப் பெட்டியில் வைப்பதற்கு முன்னாலேயே மீன்வளத்துறை அலுவலகத்திலும் வனத்துறையிலும் அனுமதி உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஊட்டிக்குப் போய் இறங்கிவிட்டு விசாரித்தால் விடுமுறை அதிலேயே போய்விடும்.